பாடத்தில் இல்லாத வெட்கம்

ஒவ்வோர் ஆண்டும் ரமலான் விடுமுறை முடிந்து ஷவ்வால் மாதத்தில் மத்ரஸா திறந்ததும், முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஃபிக்ஹுக் கிதாபைத் தொடங்கி வைப்பது நம் பொறுப்பு. கிதாபின் முதற் பகுதி தூய்மையைப் பற்றியது. தண்ணீரின் வகைகளையும் ஒளுவின் கடமைகளையும் கடந்து, மலசலம் கழித்தபின் சுத்தம் செய்துகொள்ளும் முறை, எவ்வழியாக எது வெளிப்பட்டால் ஒளு முறியும் என்னும் சட்டங்கள் ஆகியவற்றுக்கு வரும்போது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். நாம் பிரம்பால் மேசையை ஒரு தட்டுத் தட்டி, "சிரிக்க இதில் என்ன இருக்கிறது? மார்க்கத்தைக் கற்பதிலே வெட்கம் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வோம். இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்த மேசையும் மாறவில்லை. அந்தப் பேச்சும் மாறவில்லை.

அப்படிச் சொல்லிக்கொடுத்த நாமே, நம் உடலில் அதே வழியாக ரத்தம் வெளிப்படக் கண்டபோது ஏழு மாதம் அதை மறைத்து வாழ்ந்தோம். அந்த ஏழு மாதத்தின் கதையையும், அதன்பின் நடந்ததையும் எழுதவே இப்போது பேனா எடுத்திருக்கிறோம். பெண்மக்களும் பிள்ளைகளும் படிக்கும் பத்திரிகையில் இப்பொருளை எழுதலாமா என்று பல நாள் தயங்கினோம். அவர்களும் படித்தாக வேண்டும் என்று தோன்றியதனாலேயே துணிந்தோம். வாசக நேயர்கள் பொறுத்தருள்க.

நாம் வாழ்வது ஓசூரில். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கடைக்கோடி இது. ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து கர்நாடக ராஜ்ஜியம். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின், லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் ஊரைச் சூழ்ந்துகொண்டன. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே மூச்சில் பேசப்படும். பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் மட்டும் ஒரே பாஷைதான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்னும் விளம்பரத்தை எந்த மொழிக்காரரும் தலையைத் திருப்பாமல், கடைக்கண்ணால் வாசித்துக்கொண்டே போவார்.

2023-ஆம் ஆண்டு, முஹர்ரம் மாதத்தில் ஒரு நாள் காலை முதன்முதலாக ரத்தம் கண்டோம். வலி இல்லை. உஷ்ணமாக இருக்கும் என்று காரத்தைக் குறைத்தோம். கோழிக்கறியை நிறுத்தினோம். துத்திக் கீரையும் கருணைக்கிழங்கும் வாங்கி வந்து சமைக்கச் சொன்னோம். காரணம் கேட்ட வீட்டாருக்கு, "உடம்புக்கு நல்லது" என்பதோடு முடித்துக்கொண்டோம். ரத்தம் நின்றது போல் இருக்கும். பத்து நாள் கழித்து மீண்டும் வரும். பிறகு, கழித்து முடித்த பின்னும் முடியாதது போன்ற ஓர் உணர்வு நாள் முழுதும் தங்கிவிட்டது. ஒரு மாலை, இருட்டிய பின்னர், சுவரில் வாசித்திருந்த ஒரு வைத்தியசாலைக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனோம். அங்கிருந்தவர் எதையும் பார்க்கவில்லை. பொடி மூன்று பொட்டலமும் களிம்பு ஒரு டப்பியும் கொடுத்தார். அவர் பார்க்காமல் விட்டதற்காக, அன்று மனத்துக்குள் அவருக்கு நன்றிகூடச் சொன்னோம் என்றால் நம் நிலையைப் புரிந்துகொள்ளலாம்.

கேட்க ஆளில்லாமலா இருந்தது? மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அத்திட்டத்தின் ஊழியப் பெண் மாதந்தோறும் நம் வாசலுக்கு வந்து, ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். போகும்போதெல்லாம், "வேற ஏதாச்சும் தொந்தரவு உண்டா ஐயா?" என்று கேட்பார். நாமும் ஒவ்வொரு முறையும், "ஒன்றுமில்லை அம்மா" என்று விடை கொடுத்தோம். ஏழு முறை கேட்டார். ஏழு முறையும் பொய் சொன்னோம்.

நமக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. மத்ரஸாவை ஒட்டிய பள்ளிவாசலில் ளுஹருக்கும் அஸருக்கும் நாமே முன்னின்று தொழவைப்பது வழக்கம். ரத்தக்கசிவு நேரங்காலம் இன்றி வரத் தொடங்கியபின், ஒளு நிலைக்கிறதா முறிகிறதா என்னும் ஐயம் உள்ளத்தை அரித்தது. இடைவிடாமல் கசிவு உள்ளவரை ஃபிக்ஹு நூல்கள் மஃதூர், அதாவது தக்க காரணத்தால் சலுகை பெற்றவர் என்று அழைக்கின்றன. அவர் ஒவ்வொரு வக்துக்கும் புதிதாக ஒளுச் செய்து தொழலாம். ஆனால் நாம் ஓதிய ஹனஃபி மத்ஹபின்படி, அக்குறை இல்லாதவர்களுக்கு அவர் இமாமாக நிற்கலாகாது. இதை நாம் அறிவோம். ஆகவே, தொண்டை சரியில்லை என்று சொல்லி இளைய உஸ்தாதை முன்னிறுத்திவிட்டுப் பின்வரிசையில் நின்றோம். சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். அச்சட்டத்தைப் பேச வைத்த நோயை மட்டும் மறைத்தோம்.

ஆறாவது மாதம், தாங்க முடியாமல், ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். அவரும் நாற்காலியில் இருந்தபடியே கேள்விகள் கேட்டார். "வயசு ஐம்பத்தாறா? உட்கார்ந்தே பாடம் நடத்துறீங்களா? மூலம்தான்" என்று மாத்திரை எழுதினார். அவரை நாம் குறை சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கான பேருக்கு அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் விரல் நுனியால் இரண்டு நிமிடம் தொட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை, பாருங்கள் என்று நாமும் சொல்லவில்லை.

திரை விலகியது ஒரு மாணவரால். ரஜப் மாதத்தில் ஒரு நாள், பாடம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவர் தயங்கி நின்றார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. மஃதூர் ஆனவர் இமாமாக நிற்கலாமா?" என்றார். விடை அவருக்குத் தெரியும். நாமே ஓதிக்கொடுத்தது. அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க நன்னாவும் இப்படித்தான் ஹஜ்ரத், கடைசி வரிசைக்குப் போயிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லல. சொன்னப்போ நேரமாயிடுச்சு" என்றார். நமக்கு அப்போது பேச்சு எழவில்லை. அவர் ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பல்லாண்டு ஓதிக்கொடுத்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களுக்கு உடற்கூறு சம்பந்தமான ஒரு தொல்லை இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்களின் மகளாரைத் தாம் மணந்திருந்ததனால், அதை மாமனாரிடமே நேரில் கேட்க அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. அதனால் மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டுத் தெளிந்தார்கள். இதை ஒளுவின் சட்டத்துக்கு ஆதாரமாக மட்டுமே நாம் பாடம் நடத்தி வந்தோம். அன்றுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. வெட்கப்படுவது தவறாகச் சொல்லப்படவில்லை. ஆனால் வெட்கப்பட்டவர் வாய்மூடி இருந்துவிடவும் இல்லை. தம்மால் கேட்க முடியாததை இன்னொருவரைக் கொண்டு கேட்டார். நமக்கு ஒரு மிக்தாத் தாமாகவே வந்து நின்றுவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் மகனிடம் சொன்னோம். அவன் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவன், உட்காரக்கூட இல்லை. "வாங்க அத்தா" என்று அப்படியே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். அங்கே அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். நாம் பின்வாங்கியதை அவர் கவனித்துவிட்டார். "உங்களுக்கு ஆண் டாக்டர் வேணும்னா நாளை மறுநாள் வருவார். ஆனா இன்னிக்கே பார்க்கறது நல்லது" என்றார். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது நாம் ஓதிக்கொடுத்த விதிகளில் ஒன்று. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தோம். பரிசோதனை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கையுறையைக் கழற்றியவர் முகம் மாறியிருந்தது. "இது மூலம் இல்லை ஐயா. ஒரு கட்டி இருக்கு. துணுக்கு எடுத்துச் சோதிக்கணும்" என்றார்.

அந்த அம்மையாரை நினைக்கும்போது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் வரலாறும் நினைவுக்கு வருகிறது. 1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அது முதலில் சீதபேதி என்றே தவறாகக் கருதப்பட்டது. உடன்பிறந்தவரே டாக்டராக இருந்தும், நோய் தன் பெயரைக் காட்டியபோது காலம் கடந்திருந்தது. அந்தத் துயரமே பின்னாளில் அவரைச் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்பத் தூண்டியது. 1952-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1954-ல் அது செயல்படத் தொடங்கியது. நூறாண்டுக்கு முன் சீதபேதி என்றார்கள். நம்மை மூலம் என்றார்கள். இவ்விடத்து நோய்க்கு வேறொரு நோயின் பெயரைச் சூட்டி அனுப்பிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

திசுச் சோதனையில் புற்று என்று தெரிந்தது. எந்த வகை என்பது தெளியவில்லை. பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலைக்கு அந்நகரில் ஓசூர் ரோடு என்றே பெயர். அந்தச் சாலையின்மீதே கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரரும், நேரு அமைச்சரவையில் உணவு அமைச்சராக இருந்தவருமான ரஃபி அஹ்மத் கித்வாய் அவர்களின் பெயரால் 1973-ல் ஏற்பட்ட நிலையம் அது. எத்தனையோ முறை பேருந்தில் அதைக் கடந்து போயிருக்கிறோம். பெயரைப் பார்த்து மகிழ்ந்ததுண்டு; வாசலைப் பார்த்துப் பிரார்த்தித்ததில்லை.

அங்கே திசுவுக்கு விசேஷச் சாயங்கள் ஏற்றிச் சோதித்தார்கள். எஸ்-100, எச்.எம்.பி.-45, மெலன்-ஏ என்று அவற்றுக்குப் பெயர். மூன்றும் ஒரே விடையைச் சொல்லின. நோயின் பெயர் ஆசனவாய் மெலனோமா. அரபியில் புற்றுநோயை ஸரத்தான், அதாவது நண்டு என்பார்கள். தமிழில் புற்று என்கிறோம். நண்டின் கால்கள் வெளியே தெரியும்; புற்றின் உள்ளறைகள் வெளியே தெரிவதில்லை. நமக்கு வந்ததற்குத் தமிழ்ப் பெயரே பொருத்தம் என்று நினைத்துக்கொண்டோம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தோலுக்குக் கருநிறம் கொடுக்கும் உயிரணுக்கள் நம் உடலில் உள்ளன. அவை தோலில் மட்டுமின்றிக் கண்ணிலும், வாய், மூக்கு, ஆசனவாய் ஆகியவற்றின் உட்சவ்விலும் இருக்கின்றன. அவ்வணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதே மெலனோமா. வெயில் அதிகம் படும் வெள்ளைத் தோலினரிடம் தோல் மெலனோமா மிகுதி. நம் நாட்டாரிடம் குறைவு. உள்ளே வரும் இவ்வகைக்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை. காரத்துக்கும் கறிக்கும் தொடர்பில்லை. மெலனோமா நோயாளிகள் நூறு பேரில் ஒருவருக்குத்தான் இது இவ்விடத்தில் வருகிறது. 1857-ல் மூர் என்னும் மருத்துவர் இதை முதலில் பதிவு செய்தார். பெயர் கருங்கட்டி என்றாலும், சுமார் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளிடம் கட்டிக்குக் கருநிறமே இருப்பதில்லை. நம்முடையது அவ்வகை. அதனாலேயே கண்ணுக்கு மூலம் போலவும், முதற் சோதனைக்கு வேறு ஏதோ போலவும் தோன்றியது. மூலம் என்று அறுத்தெடுத்து, அந்தத் துண்டைச் சோதித்தபோது மெலனோமா என்று தெரிய வந்த நோயாளிகளும் உண்டாம்.

எவ்வளவு காலம் என்று கேட்டோம். ஐந்தாண்டு கடந்து வாழ்பவர் நூற்றுக்கு இருபது பேருக்கும் குறைவு என்றார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கட்டி சிறிதாக, ஓரிடத்தோடு நிற்கும்போது கண்டுபிடித்தால் வாய்ப்புக் கூடும் என்றும் சொன்னார். ஏழு மாதங்கள் அப்போது நம் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

சிகிச்சைக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, கட்டியை மட்டும் சுற்றுத் திசுவோடு அகலமாக அகற்றுவது. மற்றொன்று, மலக்குடலையும் ஆசனவாயையும் முழுதாக எடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் குடலுக்குப் புதுவழி வைத்து, அதன்மேல் ஒரு பையைப் பொருத்துவது. 1908-ல் லண்டன் டாக்டர் எர்னஸ்ட் மைல்ஸ் வகுத்தளித்த முறை இது. பெரிய அறுவையால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை என்பதனால், முடிந்தவரை சிறியதையே இப்போது விரும்புகிறார்கள். ஆனால் நம் கட்டி, வாயைச் சுருக்கி விரிக்கும் தசைக்குள் இறங்கிவிட்டிருந்தது. சிறிய அறுவையால் அதை மிச்சமின்றி எடுக்க இயலாது என்றார்கள்.

சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ, முப்பது பகுதிகள் கொண்ட தம் தஸ்ரீஃப் நூலில் புற்றைப் பற்றி மனம் திறந்து எழுதியிருக்கிறார். தொடக்கத்திலே, சிறிதாக, முழுவதும் அகற்றக்கூடிய இடத்தில் இருந்தால் அகற்றலாம். முற்றிப் பெருகிவிட்டால் நெருங்காதீர், அப்படிப்பட்ட எவரையும் தாம் குணப்படுத்தியதில்லை என்பது அவர் கருத்து. அவர் காலத்தில் இல்லாத கருவிகள் இன்று எவ்வளவோ வந்துவிட்டன. தொடக்கத்திலே என்னும் சொல்லின் கனம் மட்டும் குறையவில்லை.

பையை வைத்துக்கொண்டு எப்படித் தொழுவது? இதுதான் நம்மை வாட்டியது. வேலூரில் நமக்கு ஓதிக்கொடுத்த முதிய உஸ்தாத் ஒருவர் இன்னும் ஹயாத்தாக இருக்கிறார். தொலைபேசியில் அழைத்து, விம்மலை அடக்கிக்கொண்டு கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "இந்த மஸ்அலாவை எத்தனை பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருப்பாய்? இப்போது உனக்கே ஓதிக்கொள்" என்றார். ஓதிக்கொண்டோம். அடக்கும் சக்தி தன் கையில் இல்லாதவர் மஃதூர். வக்து வந்ததும் பையைக் காலி செய்து, ஒளுச் செய்து, தொழ வேண்டியதுதான். இதில் புதுச் சட்டம் ஏதும் தேவைப்படவில்லை. நம் நோய்க்கு முன்பே நமக்கு இடம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

மருத்துவமனைக்குப் புறப்படும் முதல்நாள் இரவு வீட்டாரிடம் எல்லாவற்றையும் விளக்கினோம். வியப்படைவார் என்று எதிர்பார்த்தோம். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஏங்க, முப்பத்திரண்டு வருஷமா உங்க துணியைத் துவைச்சவ நான். திடீர்னு நீங்களே சுபுஹுக்கு முன்னால எழுந்து துவைச்சா எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்வீங்கன்னு காத்திருந்தேன். கேட்டா உங்களுக்கு வெட்கமாயிடும்னு நானும் இருந்துட்டேன்." அதன்பின் அவர் அழுத அழுகையை எழுத நமக்குச் சக்தி இல்லை. ஒரே கூரையின் கீழே இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டி ஏழு மாதத்தை இழந்திருந்தோம்.

2024 ரமலானில் அறுவை நடந்தது. நினைவு திரும்பியபோது நம் கை முதலில் வயிற்றின் இடப்பக்கத்தைத் தேடியது. செவிலியர் ஒருவர், கன்னடம் கலந்த தமிழில், பையை எப்படிப் பொருத்துவது, சுற்றுத் தோலை எப்படிக் காப்பது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம் நாம் கண்களை மூடிக்கொள்வோம். வீட்டார், "கண்ணைத் திறந்து பாருங்க. நாளைக்கு நான் ஊருக்குப் போனா யார் மாத்துவா?" என்று அதட்டிக் கற்றுக்கொடுத்தார். இப்போது பத்து நிமிட வேலை. பை உடைக்குள் தெரியாது. ஒழுங்காகப் பொருத்தினால் வாடையும் வராது. நடக்கிறோம்; பேருந்தில் போகிறோம்; பின்வரிசையில் தொழுகிறோம்.

அகற்றிய திசுவோடு ஒரு நிணநீர்க் கணுவிலும் நோய் இருந்தது. ஆகவே நோயெதிர்ப்பு மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் உடலிலேயே நோயோடு போரிடும் வெள்ளணுக்கள் இருக்கின்றன. புற்றணுக்கள் அவற்றுக்குக் கடிவாளம் போட்டுவிடுகின்றன. அக்கடிவாளத்தை அவிழ்ப்பதே இம்மருந்தின் வேலை. இதன் அடிப்படையைக் கண்டறிந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அல்லிசனும் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றனர். தோல் மெலனோமாவில் பலருக்கு ஆண்டுக்கணக்கில் வாழ்வளித்த மருந்து இது. உட்சவ்வில் வரும் வகைக்கு அவ்வளவு பலனளிப்பதில்லை என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிஸுமாப் ஏற்ற வேண்டும். விலையோ லட்சங்களில்.

இங்கே இன்னொரு வெட்கம் காத்திருந்தது. நம் ஜமாஅத்தின் ஸகாத் கணக்கைப் பல ஆண்டுகளாக எழுதி வருபவர் நாம். பெறுவோர் பட்டியலில் யார் பெயரையும் உரக்கப் படிக்கக் கூடாது என்று விதி செய்தவரும் நாமே. அவ்வாண்டு நோட்டைத் திறந்த செயலாளர், நம் கையில் பேனாவைக் கொடுக்காமல் தாமே எழுதினார். என்ன எழுதினார் என்பதை நாம் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பணமும், மகன் கடனாகப் பெற்ற பணமும் ஒன்பது தவணைக்குப் போதின. மருந்தினால் தைராய்டு சுரப்பி சோர்ந்துவிட்டது; அதற்குத் தினமும் ஒரு மாத்திரை. மும்பை டாட்டா மருத்துவமனையார், இவ்வினத்து மருந்து ஒன்றை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்தே தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்ட முடிந்தது என்று 2022-ல் வெளியிட்டார்கள். நம் நோயில் அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் ஏழைக்கும் எட்டும் நாள் வரும் என்னும் நம்பிக்கையை அச்செய்தி தருகிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். சென்ற முறை நுரையீரலில் ஒரு சிறு புள்ளி தெரிகிறது என்றார்கள். அது என்ன என்பதை அடுத்த ஸ்கேன் சொல்லும். நாடியது நடக்கும். நம் துஆவில் அந்தப் புள்ளிக்கு இடமுண்டு; பயத்துக்கும் இடமுண்டு.

நேயர்களே, ரத்தம் கண்ட எல்லோருக்கும் புற்று என்று பொருளல்ல. பெரும்பாலோருக்கு அது மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும். ஆனால் பார்க்காமல் அதை எவரும் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இரண்டு மூன்று வாரம் ரத்தம் நிற்காவிட்டால், கழித்தபின்னும் கழியாதது போன்ற உணர்வு தங்கிவிட்டால், கட்டி போல் எதுவும் தட்டுப்பட்டால், பட்டதாரி மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் கைபடாமல் மாத்திரை எழுத முனைந்தால், "பரிசோதித்துப் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். அறுத்தெடுத்த மூலத்தையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் அத்தாவோ, வாப்பாவோ, அம்மாவோ திடீரென்று தம் துணியைத் தாமே துவைக்கத் தொடங்கினால், காத்திராமல் கேட்டுவிடுங்கள். நேரே கேட்க நாவெழாவிட்டால், ஒரு மிக்தாதை அனுப்புங்கள்.

2025 ஷவ்வாலில் மீண்டும் அதே கிதாபைத் திறந்தோம். அதே இடம் வந்தது. பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். இம்முறை மேசையைத் தட்டவில்லை. நமக்கு வந்த நோயையும், மறைத்த மாதங்களையும், வயிற்றில் உள்ள பையையும் பற்றி அவர்களுக்குப் புரியும் அளவில் சொன்னோம். சிரிப்பு நின்றது. ஒரு சிறுவன் மட்டும், "வலிக்குமா ஹஜ்ரத்?" என்று கேட்டான். வலிக்காது என்றோம்.

அன்று இஷாவுக்குப் பிறகு யாரோ வாசற்கதவைத் தட்டினார்கள். அந்தச் சிறுவனின் தந்தை. சூளகிரிப் பக்கம் பூத்தோட்டத்தில் வேலை செய்பவர். ஸலாம் சொன்னார். பிள்ளை நன்றாக ஓதுகிறானா என்று கேட்டார். மழையைப் பற்றிப் பேசினார். தேநீர் ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவும் மனமில்லை, பேசவும் நாவில்லை என்பது தெரிந்தது. அந்த நிலை நமக்குப் பழக்கமானது.

"எத்தனை நாளாக ரத்தம்?" என்று கேட்டோம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நாலு மாசமா ஹஜ்ரத்" என்றார்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் அவரை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். அதே அம்மையார் இருந்தார். இரண்டு நிமிடப் பரிசோதனைதான். வெளியே வந்தவர் முகத்தில் புன்னகை இருந்தது. "மூலம்தான்" என்றார். அல்ஹம்துலில்லாஹ்.